ஒட்டுத் தெரியாத படம்

நான் பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி. தேநீர் சூடாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், விரல் நுனியை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் காரணமில்லாமல் சிரித்தால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். இந்தக் குணத்துக்கு என் தொழில் உரம் போட்டது. சினிமாவில் காமிரா பிடித்துப் பிழைத்தவன் நான். அதிலும் இல்லாததை இருக்கிறதாகவும், இருப்பதை இல்லாததாகவும் காட்டுகிற தந்திரக் காட்சிகள் என் பொறுப்பு. செத்துப்போன மாமியார் சுவருக்குள்ளிருந்து நடந்து வந்ததும், ஒரே நடிகர் அண்ணனும் தம்பியுமாக ஒரே மேசையில் சோறு தின்றதும் என் கைவேலைதான். அதனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் ஆட்கள் கண்ணில் பட மாட்டார்கள். ஒட்டு எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவேன். கல்யாண வீட்டுக்குப் போய்ச் சுவரில் இருக்கிற படத்தின் முன்னால் மூக்கு உரச நின்று, வீட்டுக்காரரிடம் முறைப்பு வாங்கியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் சந்தேகப்படாத படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், சாமி படங்களுக்கு அடுத்தாற்போல் தொங்கிய எங்கள் குடும்பப் படம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் ஒரு முக்காலியின் மேல் நான் நிற்பேன். மூன்று வயதிருக்கும். எனக்குப் பின்னால் அப்பா, கோட்டுப் போட்டுக்கொண்டு, என் தோளில் கை வைத்தபடி நிற்பார். அந்தப் படம் எடுத்த மறு வருஷம் அவர் ராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் காய்ச்சலில் போய்விட்டார் என்றும், அதற்கப்புறம் அங்கே தோட்டத்துப் பேரேட்டில் பெயரை வெட்டிக்கொண்டு என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு இந்தத் தோட்டத்துக்கு வந்ததாகவும் அம்மா சொல்வாள். அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை, படத்தில் பார்த்ததுதான். ஆனால் அந்தக் கை நினைவிருந்தது. தோளில் அதன் கனம் நினைவிருந்தது. ஆடாதே, அசையாதே என்று அது லேசாக அழுத்தியதுகூட நினைவிருந்தது.

நாடு சுதந்திரம் பெற்ற கையோடு இந்தியாவிலிருந்து பிழைக்க வந்த தோட்டத்து ஜனங்களைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இங்கேயே பிறந்தோம் என்று சொன்னால் பத்தாது. இங்கேதான் இருந்தோம், இந்தியாவில் எங்களுக்கு வீடு வாசல் குடும்பம் கிடையாது என்று காகிதத்தில் காட்ட வேண்டும். பிரஜாவுரிமை விண்ணப்பப் பாரத்தை நான் நிரப்பிக் கொடுத்தபோது அட்டனில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கான விசாரணைக் கடிதம் வந்து சேர்ந்தபோது கொழும்புப் பக்கத்தில் ஒரு சினிமாக் கம்பெனியில் காமிராமேன் ஆகி, தலையில் நாலு நரையும் வந்துவிட்டது. சர்க்கார் காரியம் ஆமை வேகம்தான். ஆனால் கடிதம் வந்த நேரம் பொல்லாத நேரம். பிரஜை அல்லாதவர்களைத் தொழிலில் வைத்திருக்க அனுமதி கிடைப்பது குறைந்துகொண்டே வந்தது. கம்பெனி முதலாளி என்னைக் கூப்பிட்டு, அடுத்த படம் தொடங்குவதற்குள் காகிதம் வர வேண்டும், வராவிட்டால் உன்னை வைத்துக்கொள்ள எனக்கு வழியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். காமிராவை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. பழையபடி தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் போய் நின்றாலும் என் மென்மையான கையைப் பார்த்து, வேலை பிரிக்கிற கண்டாக்கு சிரிப்பார்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே சந்தேகத்தால்தான். அட்டன் ஸ்டூடியோவை வைத்திருந்தவர் ஒரு முஸ்லிம் முதலாளி. அடையாளப் படம், கல்யாணப் படம் எல்லாம் எடுக்க என்னை விடுவார். ஆனால் சேர்த்துப் பிடிக்கிற படம் என்று ஒன்று உண்டு, அதை மட்டும் கண்ணில் காட்ட மாட்டார். தோட்டத்து ஜனங்களுக்கு அந்தப் படத்தின் மேல் அப்படி ஓர் ஆசை. கடல் தாண்டி இந்தியாவுக்கு, அக்கரைக்குப் போன மாமன், செத்துப்போன தாய், வராத மாப்பிள்ளை எல்லாரையும் ஒன்றாக நிறுத்திப் படம் வேண்டும் என்பார்கள். ஒரு சின்னப் படத்தையோ பழைய கூட்டப் படத்தையோ துணியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். அந்த வேலை வந்தால் முதலாளி என்னைத் தேநீர் வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டு இருட்டறையைப் பூட்டிக்கொள்வார். மறைக்கிறார் என்றால் மறைக்க ஏதோ இருக்கிறது அல்லவா? அவர் கசக்கி எறிந்த அச்சுக் காகிதங்களைக் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி, விரித்து, எங்கே வெட்டினார், எங்கே மை பூசினார் என்று பார்த்துப் பார்த்தே நான் கற்றுக்கொண்டேன். ஒரு வருஷத்தில் என் ஒட்டு அவர் ஒட்டைவிடச் சுத்தம் என்று எனக்குள் ஒரு திமிர்கூட வந்துவிட்டது.

அந்த நாளில் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் படம் எடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. காமிராவுக்குள் பிலிம் சிக்கிக்கொண்டது. வெளிச்சத்தில் திறந்தால் இரண்டு நாள் எடுத்ததெல்லாம் போய்விடும். எங்கள் இருட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வந்த ஆள் காமிராவைத் திறக்கவே பயந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு, விரலாலேயே தடவிச் சிக்கலை எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். இதில் என்ன சூது இருக்கிறதோ என்று ஒரு மாதம் வரைக்கும் பெட்டியிலிருந்த துணிகளை வெளியே எடுத்து வைக்காமலே இருந்தேன்.

கம்பெனியில் பெரிய காமிராமேன் ஒருவர் இருந்தார். அவர் அழகான காட்சிகளை எடுப்பார். ஆகாத காட்சிகளை என்னிடம் தள்ளுவார். காமிராவின் கண்ணில் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி அண்ணனை எடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மற்றப் பாதியை மூடித் தம்பியை எடுப்பேன். பனிமூட்டம் எடுக்க நுவரெலியாவுக்குப் போவோம். நாங்கள் போகிற நாளில்தான் வெயில் பல்லைக் காட்டும். கடைசியில் சாம்பிராணிச் சட்டிகளை வரிசையாக வைத்து விசிறியால் விசிறிப் பனி உண்டாக்குவோம். நடிகை இருமுவாள். அதைப் பார்த்துக் கொட்டகையில் இருப்பவர்களுக்குக் குளிர் எடுக்கும். எவ்வளவு சுலபமாக மனுஷர்கள் ஏமாறுகிறார்கள் என்று எனக்கு அடிக்கடி பயமாகவே இருக்கும்.

ராகலைப் பக்கத்தில் எடுத்த ஒரு காட்சியைப் பற்றி மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். காதலர்கள் நடந்து வருகிற மலைச்சரிவு அது. பின்னால் மூன்று வரிசை லயம். எடுக்க அனுமதித்த தோட்டத்துத் துரை ஒரு நிபந்தனை போட்டார்: லயம் எதுவும் படத்தில் விழக் கூடாது. தொழிற்சங்கத்துக்கு ஆதாரம் சேர்க்க வந்தவர்களோ என்று அவருக்குச் சந்தேகம். காமிராவுக்கு முன்னால் ஒரு பெரிய கண்ணாடியை நிறுத்தி, லயங்கள் தெரிகிற இடத்தில் மட்டும் அந்தக் கண்ணாடியில் தேயிலைச் செடிகளை வரைந்துவிட்டால், காமிராவுக்கு மலை முழுக்கத் தேயிலையாகத்தான் தெரியும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வரைந்தேன். மறுநாள் எடுக்கிறபோது பார்த்தால், உங்கள் வீடெல்லாம் சினிமாவில் வரப்போகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, லயத்து ஜனங்கள் பொங்கலுக்கு எடுத்த துணியை உடுத்திக்கொண்டு அவரவர் காம்பரா வாசலில் வரிசையாக நின்றார்கள். நான் அவர்களையும் சேர்த்துத்தான் மறைத்தேன். படம் வந்ததும் அவர்கள் நுவரெலியாவுக்கு பஸ் பிடித்துப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். தங்கள் வாசலில் தேயிலைச் செடிதான் நின்றது. நம்ம ஆளுன்னு நெனச்சோம், துரையோட ஆளா இருக்கானே என்று அவர்கள் பேசிக்கொண்டதாகப் பிறகு என் காதுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் வேலை என்னவோ சுத்தமான வேலை.

விசாரணை மலை நகரத்தில் ஒரு பழைய பங்களாவில் நடந்தது. அதிகாரி ஒல்லியான மனுஷர், சிங்களவர், குரலை உயர்த்தாதவர். எனக்குச் சிங்களம் தெரியும் என்றாலும் விதிப்படி பக்கத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருந்தார். அதிகாரி என் தொழிலைக் கேட்டார், சொன்னேன். எந்தப் படம் என்று கேட்டார், சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். அந்த மலைச்சரிவைப் பார்த்து மயங்கி, விடுமுறை நாளில் மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ராகலைக்குப் போனதாகவும், அரை நாள் தேடிக் கண்டுபிடித்தால் அங்கே மூன்று வரிசை லயமும் கொடியில் காய்கிற துணியும்தான் இருந்தன என்றும், பிள்ளைகள் இன்றைக்கும் அதைச் சொல்லித் தன்னைக் கேலி செய்வதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

பிறகு என் ஆதாரங்களைப் பார்த்தார். அப்பாவின் மரணம் ராகலைத் தோட்டத்துப் பதிவில் இல்லை. பதிவுப் புத்தகத்தைக் கறையான் தின்றிருக்கும் என்றேன். தகப்பன் இந்த நாட்டில் குடும்பமாக இருந்தார், இங்கேயே செத்தார் என்பதற்கு வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் சட்டம் போட்ட அந்தப் படத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நான் எப்படி மற்றவர்கள் வீட்டுப் படத்தைப் பார்ப்பேனோ, அதே மாதிரி. மூன்று வரிசை லயத்தை அழிக்கத் தெரிந்தவருக்கு ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தவும் தெரியும்தானே என்று மெல்லக் கேட்டார்.

எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. நான் எத்தனையோ படத்தில் பொய் சொன்னவன்தான், இந்தப் படத்தைச் சந்தேகப்பட நீ யார் என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு, என் அப்பாவின் கை என் தோளில் இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். அதை அவர் எழுதிக்கொண்டார். படத்தை விஷயம் தெரிந்த ஒருவரிடம் அனுப்பி அபிப்பிராயம் கேட்பதாகவும், அடுத்த தவணைக்குத் தாயாரைச் சாட்சியாகக் கூட்டி வரும்படியும், படத்தின் மூலக் கண்ணாடி எங்காவது கிடைத்தால் அதையும் கொண்டுவரும்படியும் சொன்னார்.

அந்தக் காலத்து ஊர் ஸ்டூடியோக்களில் பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில்தான் படம் விழும், அதிலிருந்து காகிதத்தில் அச்செடுப்பார்கள். படத்தின் பின்னால் என் பழைய முதலாளியின் ஸ்டூடியோ முத்திரை இருந்தது. நேரே அட்டனுக்குப் போனேன். அவர் கிழவராகியிருந்தார். தகட்டைப் பற்றிக் கேட்டதும், அதெல்லாம் எப்போதோ உடைந்துபோச்சு என்றார். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்ததே என்று எனக்குப் பட்டது. அவர் கை இடுப்புச் சாவிக் கொத்துக்குப் போனதையும் பார்த்தேன். சேர்த்துப் பிடிக்கிற படங்களின் தகடுகளை ஓர் அலுமாரியில் தனியாகப் பூட்டி வைப்பார் என்பது எனக்குத் தெரியும். சாதாரணக் குடும்பப் படத்துக்கு அந்த அலுமாரிச் சாவி எதற்கு என்று யோசித்தேன்.

என் பிழைப்பே இதில் இருக்கிறது, உடைந்த துண்டாவது கொடுங்கள் என்று நின்றேன். வெகு நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு காகித உறையை எடுத்துத் தந்தார். உறைக்குள் இரண்டு தகடுகள் இருந்தன.

ஒன்றில் அம்மாவும் நானும் மட்டும். அம்மாவின் இடது கை என் முதுகுக்குப் பின்னால் போய், மறு தோளில் விழுந்திருந்தது. நான் முக்காலியிலிருந்து விழுந்துவிடாமல் அழுத்திப் பிடித்திருந்தாள். மணிக்கட்டில் வளையல் இருந்தது. மற்றத் தகட்டில் ஏதோ ஒரு தோட்டத்துத் தொழிற்சாலை ஆட்கள் வரிசையாக நிற்கிற கூட்டப் படம். எல்லா முகங்களையும் சிவப்பு மையால் மூடி, ஒரே ஓர் ஆளை மட்டும் விட்டு வைத்திருந்தார். அந்த ஆள் போட்டிருந்த கோட்டு முதலாளி மையால் வரைந்தது. இரண்டையும் சேர்த்து அச்செடுக்கிறபோது கோட்டின் கையை நீட்டிக்கொண்டுபோய், அம்மாவின் வளையலை மறைத்து, அம்மாவின் கையோடு சேர்த்திருந்தார்.

"ஒங்க உம்மா ஒத்தையாத்தான் வந்திச்சு தம்பி, ஒன்னத் தூக்கிக்கிட்டு," என்றார் முதலாளி. "நீ வயித்துல இருக்கிறப்பவே அந்த மனுசன் அக்கரைக்குப் போயிட்டாராம். திரும்பி வரல்ல. புதுத் தோட்டத்துக்குப் போறேன், புருசன் விட்டுட்டுப் போயிட்டான்னா ஒருத்தனும் மதிக்க மாட்டான், செத்துட்டாருன்னு சொல்லப் போறேன், காட்டுறதுக்கு ஒரு படம் வேணுமுன்னு, அந்த மனுசன் நின்ன கூட்டப் படத்தக் குடுத்து அழுதிச்சு. நான் செஞ்சி குடுத்தேன். நீ இங்க வேலைக்கு வந்து நின்னப்பவே நீ யாரு மகன்னு எனக்குத் தெரியும். அதாலதான் அந்த அலுமாரிய ஒனக்குத் தொறக்கல்ல."

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். இந்தப் பாம்பு அறியவில்லை. வாழ்நாள் முழுக்க ஒட்டைத் தேடியவன், வீட்டுச் சுவரில் இருந்த ஒட்டைப் பார்க்காமல் அதன் கீழே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். அதைவிட மோசம், தோளில் அப்பாவின் கையை நினைவு வைத்திருந்தேனே, அந்த நினைவையும் அந்தப் படம்தான் எனக்குச் செய்து கொடுத்திருக்கிறது. அட்டன் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து அழுதேன். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துப் பார்த்து அழுதேன்.

தவணைக்கு முந்திய இரண்டு நாளும் தோட்டத்தில் அம்மாவோடு இருந்தேன். நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இத்தனை வருஷம் மறைத்தவள் இன்னும் எதையெல்லாம் மறைத்திருப்பாள் என்று அவளைக் கண்காணித்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷர் உயிரோடு இருக்கிறாரா, அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறதா, கடிதம் ஏதாவது வருகிறதா என்று அவள் கொழுந்து பறிக்கப் போன நேரத்தில் தகரப் பெட்டியைக்கூடக் கிளறினேன். ஒன்றும் இல்லை. படம் இருந்த இடத்தில் சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் இருந்தது. அவள் அதை ஏறிட்டுப் பார்க்கிறாளா என்று பார்த்தேன். அவள் பார்க்காமல் இருந்தது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

விசாரணைக்குக் கிளம்புகிற காலையில், அந்த ஐயா கேட்டா நான் என்னப்பா சொல்லணும் என்று கேட்டாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் முகத்தைப் பார்க்காமல், "உண்மையச் சொல்லு, போதும்," என்றேன். குத்திக் காட்டத்தான் சொன்னேன். அவள் சரிப்பா என்றாள். பிறகு சாமி மாடத்தில் எதையோ எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் படம் உண்மையான படம் என்றே அடித்துச் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். இரண்டு தகடுகளையும் துணியில் சுற்றி என் பையிலேயே வைத்துக்கொண்டேன். வீட்டில் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்ற பயம்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். அம்மா வெளியே வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அதிகாரியின் முன்னால் ஒட்டின உறை ஒன்று இருந்தது. படத்தை ஆராய்ந்தவரின் அபிப்பிராயம் வந்துவிட்டது, இதைத் திறப்பதற்கு முன்னால் உங்களிடம் கடைசியாக ஒருமுறை கேட்கிறேன், இது ஒரே தடவையில் எடுத்த படம்தானா என்று கேட்டார். யார் ஆராய்ந்தது என்று கேட்டேன். சொன்னார். எங்கள் கம்பெனியின் பெரிய காமிராமேனேதான்.

என் மூளை அந்த ஒரு நிமிஷத்தில் ஓடின ஓட்டம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. பெரிய காமிராமேனின் கண்ணுக்கு ஒட்டுத் தப்பாது. அவருக்கு என் மேல் பொறாமையும் உண்டு. உறைக்குள் உண்மை இருக்கிறது. அதிகாரிக்கு அது ஏற்கனவே தெரியும், திறந்து படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார். நான் பொய்ச் சத்தியம் செய்யட்டும் என்றுதான் காத்திருக்கிறார், செய்தால் ஜெயில். ராகலைக்குப் போய் ஏமாந்த மனுஷர் அல்லவா, இன்றைக்குப் பழி தீர்க்கிறார். அவருடைய அமைதியே சாட்சி. இப்படி ஒவ்வொன்றாக எனக்குப் பொருந்திக்கொண்டே வந்தது.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று கேட்காமலே சொன்னவன் கதைதான். நான் பையைத் திறந்து இரண்டு தகடுகளையும் மேசை மேல் வைத்தேன். இது சேர்த்துப் பிடித்த படம், அப்பா அன்றைக்கு அங்கே இல்லை, நான் பிறப்பதற்கு முன்னாலேயே இந்தியாவுக்குப் போய்விட்டார், எனக்கே இப்போதுதான் தெரியும் என்று கொட்டிவிட்டேன்.

அதிகாரி தகடுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அந்தக் கையையும் வளையலையும் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் உறையைக் கிழித்தார். உண்மையிலேயே அது அதுவரை திறக்காத உறைதான். படித்துவிட்டு மொழிபெயர்ப்பாளரிடம் நீட்டினார். படத்தில் ஒட்டு எதுவும் தென்படவில்லை, ஒரே தடவையில் எடுத்த படமாகவே தோன்றுகிறது என்று பெரிய காமிராமேன் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் கண்ணுக்கு நிஜமாகவே தெரியவில்லையா, தெரிந்தும் என்னைக் காப்பாற்ற எழுதினாரா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதிகாரி என்னிடம் நேரே சிங்களத்தில், இன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன் என்றார். அதில் கேலி இல்லை. ஏன் திறக்கும் வரை பொறுக்கவில்லை என்று கேட்கிற முகம்தான் இருந்தது.

சாட்சியை விசாரிக்காமல் விட விதியில்லை. என்னைப் பின் கதவு வழியாக அனுப்பிவிட்டு அம்மாவை முன் கதவு வழியாகக் கூப்பிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமல் போயிற்று. நான் ஜன்னலுக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது.

படத்தைக் காட்டி, இது யார் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். அம்மா ஒரு தட்டுக் கேட்டாள், நெருப்புப் பெட்டி கேட்டாள். காகிதத்தையெல்லாம் நீங்கள் நம்ப மாட்டீர்களாமே, இதை நம்புங்கள் என்றாள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்தது கற்பூரம். எங்கள் ஜனங்கள் கோர்ட்டில் எந்தப் பொய்யையும் கூசாமல் சொல்வார்கள். ஆனால் கற்பூரம் ஏற்றி, கையால் அணைத்துச் சொல்கிற சத்தியத்தில் பொய் சொன்னால் வம்சம் விளங்காது என்று நடுங்குவார்கள். செய்யாத குற்றத்துக்குக்கூடக் கற்பூரம் அடிக்கப் பயந்து பழியை ஏற்றுக்கொண்டவர்களை எங்கள் லயத்தில் எனக்குத் தெரியும். எழுந்து உள்ளே ஓடித் தடுத்துவிட வேண்டும் என்று துடித்தேன். ஆனால் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"இவரு எம் புருசன்," என்றாள் அம்மா. "இந்தப் படம் புடிக்கிறப்ப என் பக்கத்துலதான் நின்னாரு. எம் புள்ள தோள்ல இருக்கிறது அவரு கைதான். இந்த மண்ணுலதான் செத்தாரு, இங்கதான் பொதச்சோம். எங்களுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்ல."

பிறகு உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்த சத்தம் கேட்டது. அதிகாரி தகடுகளை அவளுக்குக் காட்டவில்லை. நல்லது அம்மா, நீங்கள் போகலாம் என்று தமிழில் அவரே சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகன் ஒன்று சொல்ல, தாய் சத்தியம் செய்து வேறொன்று சொல்லிவிட்டதால் விண்ணப்பம் நிற்காது, நிராகரிப்புக் கடிதம் தபாலில் வரும் என்றார். பொய்ச் சத்தியத்தைப் பற்றி ஐயா மேற்கொண்டு எதுவும் எழுதப் போவதில்லை, தாயாரிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். யாருமே எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அதிகாரி நினைக்கவில்லை, பெரிய காமிராமேன் நினைக்கவில்லை, அம்மா தன் வம்சத்தையே எனக்காகப் பணயம் வைத்தாள். என்னைக் கவிழ்த்தவன் நான் ஒருவன்தான்.

அட்டன் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உள்ளங்கை நடுவில் சிவந்து கன்றியிருந்தது. அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் எதையோ சாதித்துவிட்டவள் மாதிரி நிமிர்ந்துதான் இருந்தாள். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஐயா நல்லவரா இருக்காரு. நான் சரியாத்தானப்பா சொன்னேன்?"

"சரியாத்தாம்மா சொன்ன."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"நீ என்னப்பா சொன்ன?"

"நானும் அதேதாம்மா சொன்னேன்," என்றேன்.